மொயெராக்கி உருண்டைப் பாறைகள்: கடல் வற்றும் நேரம் பார்த்துச் செல்லும் வழி

கப்பல் கல்லான கதை கோலாலம்பூர்த் தமிழர்களுக்குப் புதிதன்று. பெற்ற தாயை மறுத்த சி தெங்காங்கின் கப்பலே கல்லாகிப் பத்துமலையாக நிற்கிறது என்னும் மலாய்க் கதையை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். அதற்குத் தூரத்து உறவான கதையொன்று நியூசிலாந்துத் தென்தீவின் ஒட்டாகோ கரையில் இருக்கிறது. ஆராய்-தே-உரு என்னும் பெரும்படகு மட்டக்காயா முனையருகே உடைந்தது என்றும், அதிலிருந்து கரையொதுங்கிய விலாங்குமீன் கூடைகளும் சுரைக்குடுவைகளும் குமரா எனப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளுமே கொயெக்கொஹே கடற்கரையில் மொயெராக்கி உருண்டைப் பாறைகளாகக் கல்லாய்க் கிடக்கின்றன என்றும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் சொல்கின்றனர். மொழியிலும் இந்த உறவு உண்டு. மலாயில் ‘பத்து’ என்றால் கல், மாவோரியில் ‘ஃபாத்து’. மீனைக் குறிக்கும் ‘ஈக்கான்’ அங்கே ‘ஈக்கா’ ஆகிறது. கண்ணுக்கு இரண்டிலும் ‘மாத்தா’ தான்.

அங்கே செல்ல விரும்புவோர் விமானச் சீட்டு வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது கடல் வற்றும் நேரம். நீர் ஏறிய வேளையில் சென்றால் அலைக்கு நடுவே இரண்டு மூன்று கருந்தலைகள் மட்டுமே தெரியும். முதல்முறை அப்படித்தான் ஒரு மணி நேரம் குளிரில் நின்றுவிட்டுத் திரும்பினேன், தவறு முழுக்க என்னுடையது. கடல் மிகவும் வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வரை பாறைகளுக்கிடையே தாராளமாக நடக்கலாம். அந்த நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போவதால், நண்பர் போன மாதம் சென்ற நேரம் உங்களுக்கு உதவாது. வீட்டு நாள்காட்டியில் அமாவாசையைப் பார்த்துக் கணிக்கவும் முயல வேண்டாம். நியூசிலாந்து அரசின் நில விவரத் துறை வெளியிடும் ஓத அட்டவணையையே பார்க்க வேண்டும். அதில் கோடைக்கால நேரம் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் நம் டிசம்பர் விடுமுறையின்போது அங்கே கடிகாரம் நம்மைவிட ஐந்து மணி நேரம் முன்னால் ஓடும். கரை கிழக்கு நோக்கியிருப்பதால் நீர்வற்றமும் விடியலும் கூடிவரும் நாள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். டிசம்பரில் காலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும்.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் மின்னியல் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். செயலி வழி 17 நியூசிலாந்து டாலர், இணையத்தளம் வழி 23 டாலர். 2024 அக்டோபர் முதல் இதனுடன் 100 டாலர் பயணிகள் தீர்வையும் சேர்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஆக்லாந்துக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் டனிடின் சென்று காரை வாடகைக்கு எடுத்தால், முதலாம் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரப் பயணம். அங்கும் இடப்பக்கமே ஓட்டுகிறார்கள் என்றாலும், மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்வது நல்லது. அம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டையும் மசாலைத் தூளையும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள், இல்லையேல் அங்கேயே 400 டாலர் அபராதம்.

கரையருகே உள்ள சிற்றுண்டிக்கடை வழியாக இறங்கும் பாதையில் காணிக்கைப் பெட்டி உண்டு. பொதுக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மணலில் சில நிமிடம் நடந்தால் கட்டணமில்லை. நான் மணல்வழியையே விரும்புவேன், ஏனெனில் பாறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகின்றன. பெரியவை இரண்டு மீட்டருக்கு மேல் குறுக்களவுள்ளவை. உடைந்து கிடக்கும் ஒன்றின் அருகே குனிந்து பாருங்கள்: சாம்பல் நிறச் சேற்றுக்கல்லுக்குள் பழுப்பும் தேன்மஞ்சளுமான கால்சைட் நரம்புகள், ஆமையோட்டுக் கட்டங்களைப்போல் விரிசல்களை நிரப்பியிருக்கும். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேற்றில் சுண்ணாம்புச் சத்து உள்ளிருந்து வெளிநோக்கி இறுகி உருண்டதால் இவை பிறந்தன. பெரியவை வளர 40 முதல் 55 இலட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. முதுகுப்புற மண்மேட்டைப் பார்க்க மறவாதீர்கள், அங்கே இன்னும் சில பாதி புதைந்தபடி இருக்கும். மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டை நினைவுக்கு வந்தால் வியப்பில்லை, ஆனால் அதைப்போல் இவற்றைத் தள்ளியும் ஏறியும் படமெடுக்க வேண்டாம். இது சட்டப்படி காக்கப்படும் இடம். ஈரப் பாறை வழுக்கும் என்பது வேறு. 1848இல் வால்டர் மாண்டெல் என்பவர் இக்கரையை வரைந்த படத்தில் இன்று இருப்பதைவிட அதிகமான பாறைகள் உள்ளன.

திரும்பும் வழியில் சற்றுத் தெற்கே நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி மட்டக்காயா முனைக்கும் செல்ல வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். சிதறிய கூடைகளை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். படகின் உடல் இங்கேதான் கடலுக்குள் நீளும் பாறைத்திட்டாகக் கிடக்கிறது, அருகிலுள்ள பாறைமுனை அதன் தலைவன் என்கிறார்கள். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்களிடமிருந்து 20 மீட்டர் விலகி நின்று பாருங்கள். அலை உடையும் கோட்டில் படகின் நீளம் தெரியும்.