அமெரிக்க மாநில ஆளுநரின் வீட்டோ: நாம் தடுக்கி விழும் இடங்கள்

சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் எஸ்.பி. 403 மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கலிபோர்னியா ஆளுநர் காவின் நியூசம் 2023 அக்டோபர் 7 அன்று அறிவித்தார். பரம்பரையின் பேரில் பாகுபாடு காட்டுவதை ஏற்கெனவே உள்ள சட்டங்களே தடுக்கின்றன, தனிச் சட்டம் தேவையில்லை என்பது அவர் சொன்ன காரணம். அங்குள்ள தமிழர்களில் மசோதாவை ஆதரித்தவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அப்படித்தான். ஆதரித்த நண்பர், "மறுபடி பாஸ் பண்ணி அனுப்பினா கவர்னர் கையெழுத்துப் போட்டுத்தானே ஆகணும்?" என்று கேட்டார். எதிர்த்தவர், "கவர்னரே வேண்டாம்னுட்டார், இனி யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

இரண்டுமே தவறு. ஆனால் இருவரையும் குறை சொல்ல மாட்டேன். 'ஆளுநர்' என்ற ஒரே சொல் இரண்டு நாட்டுக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் இது. அந்த ஊர்ச் சட்டம் நம் உறவினர்களின் வேலையையும் அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் தொடுகிறது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்துக்கொள்வது

இந்தியாவில் மாநில ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையோடு மீண்டும் நிறைவேற்றினால், அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 200ஆவது பிரிவு. 2023 நவம்பர் 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு 10 மசோதாக்களை மறுபடி நிறைவேற்றியது அதை நம்பித்தான். அவை குடியரசுத் தலைவருக்குப் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற கதை தனி.

அமெரிக்க மாநில ஆளுநரோ மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். நம் முதலமைச்சரைப் போல மாநில நிர்வாகத்தை நடத்துபவரும் அவரே. மசோதாவை மறுப்பது, அதாவது வீட்டோ செய்வது, அவருக்கு அரசமைப்பே தந்த உரிமை. அதே பெரும்பான்மையோடு இன்னொரு முறை நிறைவேற்றி அனுப்புவதால் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் எதுவும் நடக்காது. அதைவிட அதிக ஓட்டுகள் வேண்டும். அந்த எண்ணிக்கை கிடைத்துவிட்டால் ஆளுநர் கையெழுத்தே தேவையில்லை, மசோதா சட்டமாகிவிடும். இதைத்தான் வீட்டோவை முறியடிப்பது என்கிறோம்.

மூன்றில் இரண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது

பெரும்பாலான மாநிலங்களில் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது உண்மை. ஆனால் இல்லினாய், ஒஹையோ, மேரிலாந்து, வட கரோலினா போன்றவற்றில் ஐந்தில் மூன்று போதும். இந்தியானா, கென்டகி, டென்னசி, அலபாமா போன்றவற்றில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இருந்தாலே போதும்; அங்கே ஆளுநரின் வீட்டோ சட்டமன்றத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அலாஸ்காவில் இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாக்களிக்கும். நிதி மசோதா என்றால் நான்கில் மூன்று பங்கு தேவை.

பின்னத்தைவிட முக்கியம், எந்த மொத்தத்தில் அந்தப் பங்கு என்பது. மொத்த உறுப்பினர்களிலா, அன்று வந்து ஓட்டுப் போட்டவர்களிலா? செய்தி படிக்கிறவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான்.

எஸ்.பி. 403 மசோதாவையே எடுத்துக்கொள்வோம். கலிபோர்னியாவின் கீழவையான, 80 பேர் கொண்ட அசெம்பிளியில் அது 50க்கு 3 என்று நிறைவேறியது. கேட்டால் பெரிய வெற்றியாகத் தெரியும். ஆனால் முறியடிப்புக்கு அங்கே மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு, அதாவது 54 ஓட்டு வேண்டும். ஓட்டே போடாமல் இருந்தவர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களுக்குச் சமம். மேலவையான, 40 பேர் கொண்ட செனட்டில் 27 தேவை; அங்கே மசோதாவுக்கு 31 கிடைத்திருந்தது. ஓர் அவையில் எண்ணிக்கை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

வட கரோலினாவில் கணக்கு வேறு. அங்கே வந்திருந்து ஓட்டுப் போட்டவர்களில் ஐந்தில் மூன்று போதும். 2019 செப்டம்பர் 11 காலை, 120 பேர் கொண்ட கீழவையில் பல ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் இல்லாத நேரத்தில், ஆளுநர் ராய் கூப்பர் மறுத்திருந்த பட்ஜெட் ஓட்டுக்கு வந்தது. முடிவு 55க்கு 15. மொத்த உறுப்பினர்களில் பாதிகூட இல்லாத 55 பேர் அந்த அவையில் வீட்டோவை முறியடித்தார்கள். காலையில் ஓட்டெடுப்பு கிடையாது என்று சொல்லித்தான் எங்களை நம்பவைத்தார்கள் என்று ஜனநாயகக் கட்சித் தரப்பு கொதித்தது. அப்படிச் சொல்லவில்லை என்றது மறு தரப்பு. செனட்டில் முறியடிப்பு ஓட்டெடுப்பே நடக்காததால் வீட்டோ நிலைத்தது. ஆகவே, ஓர் அவையில் முறியடித்த செய்தி வந்தால் சட்டமாகிவிட்டது என்று பகிர வேண்டாம்.

அதே மாநிலத்தில் 2023 மே 16 அன்று கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதா மீதான வீட்டோ முறியடிக்கப்பட்டது. செனட்டில் 30க்கு 20, கீழவையில் 72க்கு 48. இரண்டும் மிகச் சரியாக ஐந்தில் மூன்று. ஒரே ஒரு உறுப்பினர் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டிருந்தால் நடந்திருக்காது. அதற்கு முந்தைய மாதம்தான் கீழவை உறுப்பினர் ஒருவர் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்தார்.

கையெழுத்து இல்லையென்றால் மசோதா செத்தது என்று நினைப்பது

பல மாநிலங்களில் நேர் எதிர். கலிபோர்னியாவில் கூட்டத்தொடர் நடக்கும்போது வந்த மசோதாவை ஆளுநர் 12 நாள் தொடாமல் வைத்திருந்தால் அது தானாகவே சட்டமாகும். நம் ஊரில் கோப்பைக் கிடப்பில் போட்டே காலம் கடத்தும் வித்தை அங்கே எடுபடாது. ஆனால் நியூயார்க் போன்ற இடங்களில் கொஞ்சம் கவனம் வேண்டும்; நியூயார்க்கில் கூட்டத்தொடர் முடிந்தபின் ஆளுநரிடம் இருக்கும் மசோதாவில் 30 நாளுக்குள் கையெழுத்து விழவில்லையென்றால் அது போய்விடும். இதைப் பாக்கெட் வீட்டோ என்பார்கள்.

டெக்சாஸில் நாள்காட்டிதான் ஆளுநரின் பலம். சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடும். கலைந்தபின் ஆளுநருக்கு 20 நாள் உண்டு. அதற்குள் அவர் வீட்டோ செய்துவிட்டால் முறியடிக்க அவையே இல்லை. சிறப்புக் கூட்டத்தை அழைக்கும் உரிமையும் ஆளுநரிடமே. அங்கே கடைசியாக ஒரு வீட்டோ முறியடிக்கப்பட்டது 1979இல்.

முழு மசோதாவை மட்டுமே மறுக்க முடியும் என்று நம்புவது

அமெரிக்க ஜனாதிபதிக்கு அதுதான் நிலை. மசோதாவின் பகுதிகளை மட்டும் வெட்டும் அதிகாரத்தை 1996இல் நாடாளுமன்றம் அவருக்குத் தந்தது, 1998இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. மாநில ஆளுநர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, குறிப்பாக நிதி மசோதாக்களில், அந்த அதிகாரம் உண்டு. பெரும்பாலும் ஒரு செலவினத்தை அடிப்பதோடு நிற்கும்.

விஸ்கான்சினில் நிற்காது. 2023 பட்ஜெட்டில், பள்ளிகள் ஒரு மாணவருக்கு 325 டாலர் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளும் அனுமதி 2023-24, 2024-25 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கு மட்டும் தரப்பட்டிருந்தது. ஆளுநர் டோனி எவர்ஸ் சில சொற்களோடு, "2024-25" என்பதிலிருந்த "20"ஐயும் நடுவிலிருந்த சிறு கோட்டையும் அடித்தார். மிச்சம் இருந்தது "2425". இரண்டு வருட அனுமதி நானூறு வருட அனுமதியாக மாறியது. அங்கே 1990இல் எழுத்துகளை அடித்துப் புதுச் சொல் உண்டாக்குவதையும், 2008இல் இரண்டு வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டிப் புது வாக்கியம் உண்டாக்குவதையும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தடுத்திருந்தார்கள். எண்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் இது செல்லும் என்றது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் சட்டமன்றம் எழுதாத ஒரு சட்டத்தைப் பேனாவால் அடித்தே உருவாக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

கட்சிக் கணக்கை மட்டும் வைத்து ஊகிப்பது

கன்சாஸில் 2017 ஜூனில் ஆளுநர் சாம் பிரவுன்பேக் மறுத்த வரி உயர்வை, அவருடைய குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் முறியடித்து நிறைவேற்றியது. அடுத்த மாதம் இல்லினாயில் ஆளுநர் புரூஸ் ரௌனர் மறுத்த வருமான வரி உயர்வும் அப்படியே சட்டமானது. இரண்டு வருடத்துக்கு மேல் பட்ஜெட்டே இல்லாமல் கிடந்த மாநிலம் அது. 118 பேர் கொண்ட அவையில் 71 ஓட்டு வேண்டியிருந்தது. ஆளுநரின் கட்சிக்காரர்கள் சிலரும் சேர, சரியாக 71 விழுந்தது.

கலிபோர்னியாவில் நிலைமை தலைகீழ். ஜனநாயகக் கட்சிக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கிறது. கேட்டால் தினம் ஒரு வீட்டோவை முறியடிக்கலாம். ஆனால் 1980க்குப் பிறகு அங்கே ஒன்றைக்கூட முறியடித்ததில்லை. சொந்தக் கட்சி ஆளுநரோடு மோத யாரும் முன்வருவதில்லை. எங்கள் குழுவில் கேள்வி கேட்ட நண்பருக்கு நான் எழுதியதும் இதைத்தான்: முறியடிக்க வழி இருக்கிறது, அந்த வழியில் நாற்பது வருடமாக யாரும் நடக்கவில்லை. எஸ்.பி. 403 மசோதாவுக்கு முறியடிப்பு ஓட்டெடுப்பே நடக்கவில்லை.