மாஃபியா விளையாட்டை முதன்முறையாக நடத்துவது எப்படி?

பதின்வயதினர் பத்துப் பேர் கூடும் இடத்தில், கைபேசியின் துணையின்றி அனைவரையும் ஒரு மணி நேரம் கட்டிப்போடக்கூடிய விளையாட்டு மாஃபியா. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி தவிதோவ் 1980-களின் பிற்பகுதியில் இதை உருவாக்கினார். தங்களுக்குள் ஒருவரையொருவர் அறிந்த சிறு கூட்டமான மாஃபியாவுக்கும், யாரையும் அறியாத பெருங்கூட்டமான ஊருக்கும் இடையிலான மோதலே இதன் அடிப்படை. ராஜா, ராணி, போலீஸ், திருடன் சீட்டு விளையாடியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அங்கே போலீஸ் மட்டும் ஊகிக்கிறார். இங்கே ஊரே ஊகிக்கிறது.

முதலில் நடத்துநர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ஒன்பது பேருக்கும் ஒரே தாளிலிருந்து ஒரே அளவில் சீட்டுகளை வெட்டி, இரண்டில் மாஃபியா, ஒன்றில் மருத்துவர், ஒன்றில் துப்பறிவாளர், மீதி ஐந்தில் ஊர்மக்கள் என்று எழுதுங்கள். மை மறுபக்கம் தெரிந்துவிடும் என்பதால் பென்சிலே நல்லது. மடித்துக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்றை எடுத்துத் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது இரவு. நடத்துநர் சொன்னதும் அனைவரும் கண்களை மூடி, தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாளம் இல்லாவிட்டால், கையை நீட்டும்போது எழும் சட்டையின் சரசரப்பே மாஃபியாவைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் மாஃபியா இருவர் மட்டும் கண்திறந்து, வீழ்த்த வேண்டியவரைச் சுட்டுவர். பிறகு மருத்துவர் கண்திறந்து, தான் காப்பாற்ற நினைக்கும் ஒருவரைச் சுட்டுவார். இறுதியாகத் துப்பறிவாளர் ஒருவரைச் சுட்ட, அவர் மாஃபியாவா என்பதை நடத்துநர் தலையசைப்பால் தெரிவிப்பார். மருத்துவர் ஆட்டத்தைவிட்டு வெளியேறிய பின்னரும் அவரை வழக்கம்போல் அழைத்துச் சற்றுநேரம் காத்திருக்க வேண்டும். இல்லையேல் மருத்துவர் இல்லை என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

விடிந்ததும், மருத்துவர் காப்பாற்றாவிட்டால் வீழ்ந்தவர் யாரென்று அறிவியுங்கள். ஐந்து நிமிட விவாதத்துக்குப் பிறகு கைதூக்கி வாக்களித்து, அதிக வாக்குப் பெற்றவரை வெளியேற்றுங்கள். "நீ எப்போதுமே பொய்தான் சொல்வாய்" என்பது போன்ற பேச்சை நடத்துநர் உடனே நிறுத்த வேண்டும். அந்த ஆட்டத்தில் சொன்னதையும் செய்ததையும் வைத்தே வாதிட வேண்டும். மாஃபியா இருவரும் வெளியேறினால் ஊருக்கு வெற்றி. மாஃபியாவின் எண்ணிக்கை மற்றவர்களுக்குச் சமமாகிவிட்டால் அவர்களுக்கு வெற்றி.

புதியவர்கள் ஆடும்போது முதல் இரவில் எவரையும் வீழ்த்தாமல், மாஃபியா ஒருவரையொருவர் அறிந்துகொள்வதோடு நிறுத்துவதே என் வழக்கம். வாயே திறக்காமல் ஒரு பிள்ளை வெளியேறி ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் கேட்காது. முதலில் வெளியேறியவரையே அடுத்த ஆட்டத்துக்கு நடத்துநராக்குங்கள். இரவில் அத்தனை முகங்களையும் கண்திறந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குத்தான் கிடைக்கும்.