சொந்த ரத்தம்தானே என்று ஊசிக்குத் தலையாட்டும் முன்

நான் டாக்சி ஓட்டுகிறேன், வயது 57, வீடு சிங்கப்பூர் ஈசூனில். ஆணுறுப்பு விறைப்பு தடுமாறத் தொடங்கி ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோப்பிக் கடையில் கூட்டாளி ஒருவர்தான் சொன்னார்: "பிஆர்பி ஊசி போடுண்ணே, நம்ம ரத்தம், பின்விளைவே கிடையாது." அன்றே ஒரு தனியார் கிளினிக்கில் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் கட்டினேன். விசாரித்தது அப்புறம்தான். நீங்கள் முதலிலேயே விசாரியுங்கள்.

பிஆர்பி என்றால், கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) செறிந்த மஞ்சள் நீரை ஆணுறுப்புக்குள் ஏற்றுவார்கள். நம் ரத்தம் என்பதால் ஒவ்வாமை அபூர்வம். ஆனாலும் ஊசி ஊசிதான். வலி, வீக்கம், கன்றிப்போதல் சில நாள் இருக்கும். ரத்தம் கட்டலாம், கிருமி தொற்றலாம், அபூர்வமாக உள்ளே தழும்பு இறுகிக் கட்டியாகலாம்.

எடுக்கும் ரத்தக் குழாயில் உங்கள் கண்முன்னே பெயர் ஒட்டச் சொல்லுங்கள், ஊசியைப் புதிய உறையிலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். 2018ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், இதே பிஆர்பியை முகத்துக்குப் போட்ட ஒரு அழகு நிலையத்தில் சுத்தமில்லாததால் எச்ஐவி தொற்றியது. போடுபவர் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

வார்ஃபரின், குளோபிடோகிரெல், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்லணும். ஊசிக்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து.

போட்ட பிறகு காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், சிறுநீர் போக முடியாமை, நாலு மணி நேரம் தாண்டியும் அடங்காத விறைப்பு, எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

பலன்? 2021ல் கிரேக்க நாட்டில் 60 பேரிடம் செய்த ஆய்வு நல்ல பலன் என்றது. 2023ல் வெளியான அமெரிக்காவின் மயாமி ஆய்வில் 61 பேர்: பிஆர்பி போட்டவர்களில் 58 சதவீதம், வெறும் உப்புநீர் போட்டவர்களில் 54 சதவீதம் முன்னேற்றம். உப்புநீருக்கே அவ்வளவு! அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் இதைச் சோதனை நிலைச் சிகிச்சை என்றே வைத்திருக்கிறது.

ஊசி வேண்டாமென்று ரோட்டோர மாத்திரைக்கும் தாவாதீர்கள். 2008ல் இங்கே அப்படிப்பட்ட மாத்திரைகளில் சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்து நாலு பேர் இறந்தார்கள்.

முன்பணம் கட்டியிருந்தாலும், ஊசிக்கு முன்னால் நான் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) 9.1 சதவீதம், ரொம்ப அதிகம். "இதுதான் உங்க நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்குது" என்றார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்தாச்சு, சோற்றையும் குறைத்தாச்சு. ஊசியை ரத்து செய்தேன். அந்த 200 வெள்ளி மட்டும் திரும்பவே இல்லை.