பழைய ஜீவனாம்ச பாக்கி: "அதெல்லாம் கையில் கொடுத்தாச்சே" என்று அவர் சொன்னால்

என் மகளுக்கு அவளுடைய அப்பா மாதம் 4,000 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 2012 ஜூனில் கடலூரில் உத்தரவானது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. 2014 மார்ச் வரை வங்கிக் கணக்கில் பணம் ஒழுங்காக வந்தது. ஏப்ரலில் நின்றது. கேட்டுப் பார்த்தேன், அவருடைய அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் கணக்கெழுதுகிறேன். விடிந்தால் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் பிடிக்க வேண்டும். கோர்ட்டுக்கென்று லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். அப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பணம் புரட்ட வேண்டியிருந்த 2018 மார்ச்சில்தான் மனுப் போட்டேன். அவர் தரப்பு எதிருரையில் இரண்டே விஷயம் இருந்தது. ஒன்று, மாதாமாதம் 2,000 ரூபாய் கையில் கொடுத்துவிட்டேன், மீதிக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினேன், சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியைக் கேட்கவே முடியாது. உங்களுக்கும் இதே இரண்டு பதில்தான் வரும் என்று நினைக்கிறேன். அதனால்தான் நான் செய்ததையும், முன்னாலேயே தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடியதையும் எழுதுகிறேன்.

வக்கீலைப் பார்ப்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். மண்டியில் பேரேடு எழுதுவது போல, ஒரு மாதத்துக்கு ஒரு வரி: எந்த மாதம், தர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எப்படி வந்தது, அதற்கு என்ன சாட்சி, மீதி எவ்வளவு. எனக்கு 2014 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை 48 வரி வந்தது. தர வேண்டியது 1,92,000. அவர் ஐந்து தடவை வங்கியில் 3,000 வீதம் போட்டிருந்தார், அது 15,000. அத்தை, அதாவது அவருடைய அம்மா, 2015 பொங்கலுக்கு 2,000, 2016 தீபாவளிக்கு 3,000, 2017 பொங்கலுக்கு 2,000 என்று கையில் கொடுத்திருந்தார். அதற்கு ரசீது எதுவும் கிடையாது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் எழுதினேன். மொத்த வரவு 22,000, மீதி 1,70,000.

அந்த 7,000 ரூபாயை மறைக்கச் சொல்லி எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். வந்தது நியாயமாக வந்ததுதானே. அதுவும் தவிர, குறுக்கு விசாரணையில் ஒரு பொய் வெளிப்பட்டாலும் மீதி 47 வரியையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். என் நோட்டில் எனக்கு எதிரான வரிகளும் இருந்ததால்தான் மற்ற வரிகளுக்கு மதிப்பு வந்தது.

அடுத்து காகிதம். 2015 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பாஸ்புத்தகமும் உத்தரவு நகலும் கூழாகிவிட்டன. உங்களுக்கும் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஜீவனாம்ச உத்தரவின் நகலை யாருக்குச் சாதகமாக உத்தரவானதோ அவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எம்.சி. நம்பரும், அதாவது ஜீவனாம்ச வழக்கின் எண்ணும், வருடமும் தெரிந்தால் நகல் மனுப் போடலாம். வங்கியில் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, சீலோடும் மேலாளர் சான்றோடும் ஸ்டேட்மெண்ட் வேண்டும் என்று. எனக்கு மூன்று தடவை நடக்க வேண்டியிருந்தது.

பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள். 2016 ஆகஸ்டில் அவர் அனுப்பிய ஒரு எஸ்எம்எஸ் என்னிடம் இருந்தது: "ஆறு மாசமா ஒண்ணும் தர முடியல, பொங்கலுக்கு அப்புறம் சேர்த்துத் தரேன்." மாதாமாதம் கையில் கொடுத்தேன் என்பவரின் பேச்சுக்கு அவர் கையாலேயே வந்த பதில் அது. இப்படிப்பட்ட செய்திகளைத் தாக்கல் செய்யும்போது தனியாக ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 63-ஆம் பிரிவு. ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் கொண்டுபோனால் எதிர்ப்பு வரும்.

கொடுத்தேன் என்று சொல்பவர்தான் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். "வாங்கவில்லை" என்பதை நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய கதையில் எங்கே ஓட்டை என்று காட்ட அந்த நோட்டு உதவும். எனக்கு உதவியது 2015 டிசம்பர் வரி. அந்த மாதம் 5-ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்து பணம் கொடுத்ததாகச் சொன்னார். அன்று எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நானும் மகளும் நெல்லிக்குப்பத்தில் அக்கா வீட்டில் இருந்தோம். அதே மாதம் வங்கியிலும் 3,000 போட்டிருந்தார். கையிலும் கொடுத்து வங்கியிலும் போட்டாரா என்று எங்கள் வக்கீலம்மா கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை.

இனி அந்த ஒரு வருடக் கதை. என்னை ரொம்ப நாள் முடக்கிப் போட்டது இதுதான். "வக்கீலம்மா, நாலு வருஷம் ஆயிடுச்சே, எல்லாம் போச்சா?" என்றுதான் முதல் நாள் கேட்டேன். "போகாதும்மா. வசூல் பண்ற வழிதான் மாறும்" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவில், பணம் தராதவர் மேல் வாரண்ட் போட ஒரு வேகமான வழி இருக்கிறது. அந்த வழிக்குத்தான் ஒரு வருடக் கெடு. ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் பணம் பெறும் உரிமை அழிந்துவிடாது, சிவில் வழியில் வசூலிக்க வேண்டும், அவ்வளவுதான். பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே என் பாக்கி இரண்டாகப் பிரிந்தது. கடைசி 12 மாதத்துக்கு வாரண்ட் கேட்டு ஒரு மனு, அதற்கு முந்தைய 36 மாதத்துக்கு சிவில் வழியில் தனியாக ஒன்று.

சிவில் வழியிலும் கெடு உண்டு என்பதை மறக்காதீர்கள். சிவில் டிக்ரியை, அதாவது சிவில் கோர்ட் தீர்ப்பாணையை, நிறைவேற்றக் கேட்க லிமிடேஷன் (காலவரம்பு) சட்டத்தில் 12 வருடம். இந்துக்கள் ஜீவனாம்ச பாக்கிக்கென்று புது வழக்குப் போட்டால் 3 வருடம். உரிமை குழந்தையுடையது என்றால் அது மைனராக இருந்த காலத்துக்கும் சட்டத்தில் சலுகை இருக்கிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, உத்தரவு விவாகரத்து வழக்கில் வந்ததா, 125-இல் வந்ததா என்பதைப் பொறுத்தது. உத்தரவின் முதல் பக்கத்தை வக்கீலிடம் காட்டினால் சொல்லிவிடுவார்.

முன்பே தெரிந்திருந்தால் நான் வருடத்துக்கு ஒரு மனு போட்டிருப்பேன். ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது அதற்குப் பின் சேரும் பாக்கியையும் அதிலேயே கேட்கலாம் என்று 2005-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆரம்பிக்கத் தேவையில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. உத்தரவு கடலூரில், அவர் குடியிருப்பது அரியாங்குப்பத்தில். "அது பாண்டிச்சேரி, வேற ஸ்டேட்டு, தமிழ்நாட்டு ஆர்டர் அங்க செல்லாது" என்று அவர் பக்கத்து ஆள் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டினால் உத்தரவு செத்துவிடாது. யாருக்கு எதிராக உத்தரவானதோ அவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்து மாஜிஸ்திரேட்டே அதை நிறைவேற்றலாம். முன்பு 128, இப்போது 147-ஆம் பிரிவு. ஆள் இவர்தான் என்பதும் பணம் வரவில்லை என்பதும் அந்த மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தியானால் போதும். அதனால் பணம் தர வேண்டியவருடைய இப்போதைய முகவரி, வேலை செய்யும் இடம் இரண்டையும் முதலிலேயே தெரிந்து வையுங்கள். சிவில் வழியில் சம்பளத்தை ஜப்தி செய்தால், ஜீவனாம்சத்துக்கு என்பதால், மூன்றில் ஒரு பங்கைத்தான் அவருக்கு விட்டுவைக்க வேண்டும். மற்றக் கடன்களுக்கு இவ்வளவு பிடிக்க முடியாது.

"வேலை போச்சு, அதனால் நானே குறைத்துக்கொண்டேன்" என்பது பதில் ஆகாது. வருமானம் குறைந்தால் தொகையை மாற்றக் கோரி அவர்தான் மனுப் போட்டிருக்க வேண்டும். மாற்றி உத்தரவாகும்வரை பழைய தொகைதான். பணம் தராததற்கு வாரண்டில் ஜெயிலுக்குப் போய்விட்டேன், கணக்குத் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஜெயில் என்பது பணத்தைக் கொடுக்க வைக்கத்தான், பணத்துக்கு ஈடு அல்ல என்று 1989-லேயே குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

வக்கீல் செலவு பற்றி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். புதுச்சேரிக்குத் தனி ஆணையம் இருக்கிறது. எனக்குக் கிடைத்த வக்கீலம்மா அப்படி வந்தவர்தான்.

எங்கள் வழக்கு கடைசியில் சமரச மையத்துக்குப் போனது. 2015-16 பள்ளிக் கட்டணத்துக்கு அவர் பெயரில் 8,500 ரூபாய் ரசீது இருந்தது. ஜீவனாம்சத்துக்கு மேல் அன்பாகச் செய்தது என்று வாதாடியிருக்கலாம். படிப்புக்குத்தானே கட்டினார் என்று கழிக்கச் சம்மதித்தேன். சைக்கிளுக்குச் சம்மதிக்கவில்லை. பிறந்தநாளுக்கு அப்பா வாங்கிக் கொடுத்ததாகவே அது மகளுக்கு இருக்கட்டும். 1,61,500 என்று முடிந்தது. அன்றே 41,500, மீதி மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு தவணை.

சமரசத்தில் கையெழுத்துப் போடுமுன் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது பழைய பாக்கிக்கு மட்டும், நடப்பு மாதத் தொகை தனி. பணம் இன்ன வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும், கையில் கூடாது. ஒரு தவணை தவறினால் மீதி முழுவதையும் உடனே கேட்கலாம். முதல் வரி எங்கள் வரைவில் இல்லை. வக்கீலம்மா கவனித்துச் சேர்த்தார். இல்லையென்றால் அந்த ஒரு வருடத்து 48,000 புதுப் பாக்கியாக நின்றிருக்கும்.

இதைப் படிக்கும் அப்பாக்களில் உண்மையாகவே கையில் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். இன்றிலிருந்து வங்கியிலோ ஜிபேயிலோ போடுங்கள். குறிப்பில் "ஜீவனாம்சம், ஜூன்" என்று மாதத்தோடு எழுதுங்கள். பழையதற்கு, யார் முன்னால் எப்போது கொடுத்தீர்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

மகளுக்கு 18 முடிந்துவிட்டது. 144-இல் மாதத் தொகை அதோடு நிற்கும். 18-க்கு முன் சேர்ந்த பாக்கி நிற்காது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20-ஆம் பிரிவில், தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத திருமணமாகாத மகள் அப்பாவிடம் தொடர்ந்து கேட்கலாம். அது அவளுடைய வழக்கு, அவள் கையெழுத்து. கல்லூரிக் கட்டண ரசீதுகளை ஒட்ட அவளே ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.