வைஃபை இருக்கிறது, நெட் வரவில்லையா? ஊரில் போட்ட நம்பரைப் பாருங்கள்

மன்னார்குடி, வலங்கைமான், பாபநாசம் பக்கமிருந்து லேப்டாப்போடு வெளிநாடு வந்து இறங்குகிறவர்கள் முதல் வாரத்தில் கேட்கிற கேள்விகளில் இது ஒன்று. வைஃபை பாஸ்வேர்டு சரி, சிக்னல் முழுசாக இருக்கிறது, கூட இருக்கிற பையன் போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான், உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஒன்றுமே திறக்காது. இதற்காக வீட்டு ஓனரிடம் போய் நிற்க வேண்டாம். ஊரில் கேபிள்காரர் நெட் கொடுத்த அன்று ஒரு சீட்டைப் பார்த்துத் தட்டிவிட்டுப் போனாரே ஐபி (லேப்டாப்பின் நெட் முகவரி), கேட்வே (வெளியே போக வழிவிடும் ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சர்வர்) என்று, அந்த நம்பர்களை லேப்டாப் இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. காலேஜ் லேபில் போட்டதாகவும் இருக்கலாம்.

பெரும்பாலான வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் ரவுட்டரே முகவரி கொடுத்துவிடும். டிஹெச்சிபி என்பது அதுதான். ரவுட்டர் முகவரியைக் குத்தகைக்குத்தான் விடும், பட்டா போட்டுத் தராது. கெடு முடிவதற்குள் லேப்டாப் அதைப் புதுப்பித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ரவுட்டர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். உங்கள் லேப்டாப் 192.168.1.50 என்று பிடிவாதமாக நின்று, இங்கே ரவுட்டர் 192.168.0.1 ஆக இருந்தால், மூன்றாவது எண்ணே வேறு என்பதால் இரண்டும் பேசிக்கொள்ளாது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அப்புறம் அந்த நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ். அங்கே ஐபி அசைன்மென்ட்டை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் கீழேயே டிஎன்எஸ் அசைன்மென்ட் தனியாக இருக்கிறது, அதையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலேஜுக்குள் மட்டும் இருக்கிற 10-இல் தொடங்கும் முகவரி உள்ள ஏதோ ஒரு சர்வரிடம் லேப்டாப் வழி கேட்டுக்கொண்டே இருக்கும். காலேஜில் ப்ராக்ஸி (நெட்டுக்கு நடுவில் நிற்கும் இடைச் சர்வர்) போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆன பிறகும் 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டினால் ரவுட்டரிடமிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். அப்போது ஓனரிடம் போகலாம்.

பல்கலைக்கழக ஹாஸ்டலில் இன்னொரு சமாசாரம். சில இடங்களில் லேப்டாப்பின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் கார்டுக்கு உரிய அடையாள எண்) பதிந்தால்தான் உள்ளே விடுவார்கள். விண்டோஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' ஆனில் இருந்தால் பதிந்தது ஒன்று, போகிறது ஒன்று என்று ஆகிவிடும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அதை ஆஃப் செய்தால் போதும்.

சரி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால்? அங்கே மறுபடி பழைய நம்பர் வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன செட்டிங்ஸ் வழியில் போடும் நம்பரை விண்டோஸ் 11 அந்த வைஃபை பெயரோடு மட்டும் சேர்த்து வைக்கும். பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போட்டால் எல்லா வைஃபைக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும், இங்கே வந்து தொல்லை கொடுத்ததும் அப்படிப் போட்ட நம்பராகத்தான் இருக்கும், அதனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். விதிவிலக்கு, ஊரில் கேபிள்காரரின் வயரை நேராக லேப்டாப்பில் சொருகுகிறவர்கள். வயருக்குப் பெயர் கிடையாது, பிரித்துப் பார்க்க வழியில்லை. கண்ட்ரோல் பேனலில் ஈத்தர்நெட்டின் ஐபிவி4 ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, மேலே ஆட்டோமேட்டிக் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் 'ஆல்டர்னேட் கான்ஃபிகரேஷன்' டேப்பில் ஊர் நம்பரைப் போடுங்கள். டிஹெச்சிபி கிடைக்காத இடத்தில் மட்டும் லேப்டாப் அதை எடுத்துக்கொள்ளும். மேக்புக்கில் இதற்கு லொகேஷன் என்று ஒரு வசதி உண்டு, ஊருக்கு ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்து மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ்காரர்களுக்கு நெட்வொர்க் மேனேஜரில் தனித்தனி ப்ரொஃபைல், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் இந்த வேலையே லேப்டாப்பில் வேண்டாம். ஊரில் ஒரு சாதாரண ரவுட்டர் வாங்கி, சீட்டில் இருக்கும் நம்பர்களை அதன் வான் பக்கத்தில் (WAN, வெளியிலிருந்து நெட் வரும் பக்கம்) ஸ்டாட்டிக், அதாவது மாறாத முகவரி, என்று போடச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் எல்லாமே ஆட்டோமேட்டிக். அப்பாவின் போன், டிவி, லீவில் வரும் உங்கள் லேப்டாப், எதிலும் கை வைக்க வேண்டாம். வாசல் கேமராவுக்கு மாறாத முகவரி வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே அதன் மேக் முகவரிக்கு ஒன்றை ஒதுக்கிவிடலாம். ஒன்று மட்டும்: கேபிள்காரர் லேப்டாப்பின் மேக் முகவரியைப் பதிந்து வைத்திருந்தால் ரவுட்டர் போட்டதும் நெட் நிற்கும், அவருக்கு ஒரு போன் போட்டு ரவுட்டருடையதை மாற்றிப் பதியச் சொல்லுங்கள்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் இதில் எதையும் தொடாமல் ஐடி ஆட்களிடம் கேளுங்கள்.