கேலரி அறையையே கேமராவாக்குவது எப்படி?

ஜன்னலை முழுக்க அடைத்து ஒரே ஒரு துளை விட்டால், எதிரே உள்ள தெரு தலைகீழாக அறைக்குள் வந்து விழும். புரொஜெக்டர் வேண்டாம். பார்வையாளர் படத்துக்குள்ளேயே நிற்பார். புகைப்படக் கலைஞர் அபெலார்டோ மோரெல் 1991இல் தன் வீட்டு வரவேற்பறையை இப்படித்தான் கேமராவாக்கிப் படமெடுத்தார்.

வெயில் எதிர்க்கட்டடத்தில் விழ வேண்டும், உங்கள் ஜன்னலில் அல்ல. ஆகவே மேற்குப் பார்த்த ஜன்னலுக்குக் காலை நேரம், கிழக்குப் பார்த்ததற்குப் பிற்பகல். மேகமூட்டமான நாளில் படம் மங்கல்தான்.

அடைக்கக் கறுப்பு பாலித்தீன் ஷீட், இரண்டு மடிப்பாக. ஒற்றை ஷீட்டில் வெயில் கசியும். சுவரில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் துணி டேப்; துணி டேப்பை நேரடியாகச் சுவரில் ஒட்டினால் கழற்றும்போது பெயின்டும் உரிந்து வரும். விளக்கணைத்துப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டை, கதவடி இடுக்கு எல்லாம் கண் இருட்டுக்குப் பழகிய பிறகே தெரியும். படம் வெளிறிப்போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கசிவுதான் காரணம், துளை அல்ல.

முதலில் அட்டையில் 12 மி.மீ. துளையிட்டுப் பாருங்கள். படம் விழும், ஆனால் மங்கலாக. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், கூர்மை போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் லென்ஸ்தான் வழி. கண்ணாடிக் கடையில் பிளஸ் 0.50 பவரில், பிரேமுக்கு வெட்டாத லென்ஸ் கேளுங்கள். அதன் குவியத் தூரம் 2 மீட்டர். துளையில் அதைப் பொருத்தி 50 மி.மீ. திறப்பு விட்டால் 12 மி.மீ. துளையைவிட 17 மடங்கு வெளிச்சம் வரும். ஓரங்கள் கலங்கினால் திறப்பை 30 மி.மீ. ஆக்குங்கள்.

லென்ஸ் வைத்தால் அதற்கும் படம் விழும் திரைக்கும் உள்ள தூரம் பிசகக் கூடாது. தொலைவான காட்சிக்கு 2 மீட்டர். கட்டடம் 20 மீட்டரில் இருந்தால் 2.2 மீட்டர். அதனால் திரையை ஆணியடிக்காமல் கம்பியில் நகரும்படி தொங்கவிடுங்கள். டிரேசிங் பேப்பர் திரையே எங்கள் தேர்வு: பின்னால் நின்று பார்த்தால் இடவலம் மாறாது, தலையைக் கவிழ்த்தால் கடைப் பலகையையே வாசிக்கலாம். பக்கச் சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணி போர்த்துங்கள். தெறிக்கும் ஒளி படத்தைக் கெடுக்கும்.

வாசலில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு கறுப்புத் திரைச்சீலைகள். செல்போன்கள் வெளியே. அடைத்த அறை சீக்கிரம் புழுங்கும், ஆறு பேருக்கு மேல் விடாதீர்கள். சூரியன் ஜன்னல் பக்கம் திரும்புமுன் லென்ஸை மூடிவிட வேண்டும். அதன் வழியே யாராவது சூரியனைப் பார்த்தால் கண்ணுக்கு ஆபத்து.