பம்ப் ஓடும்போது அளந்து பாருங்கள்

சேலத்தில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். இன்ஜின் மாற்றியது, பெரிய பெட்ரோல் பம்ப் போட்டது என்று வருகிற வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "டவுனுக்குள்ள நல்லா ஓடுதுண்ணே. அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறினா இழுக்க மாட்டேங்குது." அதற்குள் பம்ப், ஃபில்டர், சில சமயம் இன்ஜெக்டர்கூட மாற்றியிருப்பார்கள். வயரை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பதால் பெட்ரோல் அதிகம் வேண்டும். பம்புக்கு வோல்டேஜ் குறைந்தால் வேகம் குறைந்து பிரஷர் விழும். சமதளத்தில் அந்தக் குறை வெளியே தெரியாது. கம்பெனி பம்ப் ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பெரிய பம்ப் 10-க்கு மேலும் இழுக்கும். வழியில் எங்காவது 0.2 ஓம் தடை இருந்தால், 5 ஆம்பியரில் 1 வோல்ட் போகும். 10 ஆம்பியரில் 2 வோல்ட் போய்விடும். பழைய வயரிலேயே புது பம்பை மாட்டினால் வருகிற வினை இதுதான்.

மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டுவிட்டு வயர் சரி என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே ஒரு செம்பு இழை ஒட்டியிருந்தாலும் பீப் வரும். பம்பில் வயர் சேரும் பிளக்கான கப்ளரைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட்டும் முழுசாகக் காட்டும். கரண்ட் ஓடினால்தான் தடை தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் வாடை வந்தால் நிறுத்திவிட்டு முதலில் கசிவைப் பாருங்கள். டேங்க் பக்கத்தில் வயரை உரசிப் பார்ப்பது, டெஸ்ட் லேம்ப் போடுவது அறவே கூடாது.

சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று நொடி பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையா? ஃபியூஸ் பாருங்கள். அடுத்து, பம்புக்குக் கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளுக்கும் ஃபியூஸ் வைத்த வயரால் இணைப்புக் கொடுங்கள். பம்ப் ஓடினால் கோளாறு ரிலேயில், அல்லது அதை இயக்க ஈசியூவிலிருந்து (இன்ஜின் கம்ப்யூட்டர்) வரும் 85, 86 பக்கத்தில். கேஸ் கிட், திருட்டு அலாரம் போட்ட வண்டியானால் அந்த வயர்களை முதலில் தேடுங்கள். பம்ப் லைனை வெட்டி நடுவில் சேர்த்திருப்பார்கள்.

பம்ப் ஓடுகிறது, இழுவைதான் இல்லை என்றால் இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பம்ப் கப்ளரின் பிளஸ் பின்னில். கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகுங்கள். மீட்டரின் வயர் எட்டாது, நீட்டிக்கொள்ளுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதேபோல் பம்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளங்கள். 0.2-க்கு மேல் போனால் எர்த்தைச் சந்தேகப்படலாம்.

ஏற்காட்டு காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு ஜிப்ஸி வந்தது. கார்புரேட்டரை எடுத்துவிட்டு எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வகை) இன்ஜின் வைத்த வண்டி. பேட்டரியில் 13.8, பம்பில் 10.9. பிளஸ் பக்கம் போனது 0.6, அரை வோல்ட்டைச் சற்றே தாண்டியது. எர்த் பக்கம் 2.3! பின் சீட்டுக்கு அடியில் எர்த் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) பெயின்ட்டின் மேலேயே வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். லக்கின் ஓரம் பச்சை பூத்து, வயரின் ரப்பர் விரலால் வளைத்தாலே நொறுங்கியது. தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, புது லக் அடித்து முடுக்கியதும் எர்த் பக்கம் 0.1-க்கு இறங்கியது. பம்பை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

புதிதாக வயர் இழுப்பதானால் பேட்டரியிலிருந்து பம்புக்கென்று தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ், நடுவில் ரிலே. 10 ஆம்பியர் பம்புக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எர்த்துக்கும் அதே தடிமன். முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் பசை உருகி ஜாயின்ட் வெளியே வந்துவிடும். கிரிம்ப் செய்து (உலோக இணைப்பை நசுக்கி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள்.

தயவுசெய்து பம்பை இக்னிஷனில் நேராகக் கொடுக்காதீர்கள். இன்ஜின் நின்றால் ஈசியூ பம்பை நிறுத்திவிடும். நேராகக் கொடுத்த வண்டி மோதி பைப் அறுந்தாலும் சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் கதியை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, நீட்டிய வயரோடு மீட்டரைப் பக்கத்து சீட்டில் ஒருவர் கையில் கொடுத்து அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். பம்ப் வோல்டேஜை அவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே இழுவை குறைகிறதோ அங்கே வோல்டேஜும் விழுந்தால் வயரிங்கில் இன்னும் வேலை இருக்கிறது. 13 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றும் திணறுகிறதா? அப்போது டேங்கில் பெட்ரோல் போதுமா என்று பாருங்கள்; குறைவாக இருந்தால் வளைவில் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும். பிறகு ஃபில்டர், அதன் பிறகுதான் பம்ப்.